‘கேக்குதா’ன்னு கேக்காதீங்க

“உங்க ஜன்னல் வழியா இப்ப என்ன தெரியுது?”

ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்கிறார் போன் அக்கா. மறுமுனையில் எங்கள் கிளை மருத்துவமனை ஒன்றின் மருந்தக ஊழியர். போன் கரகரக்கிறது என்று புகார் சொல்ல அழைத்தவர். ஜன்னலைப் பற்றிய கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். தண்ணீர் லாரி என்று ஏதோ சொல்கிறார் போலும். “லாரி என்ன கலர்?” என்கிறார் அக்கா. “பச்சையா? சரி, இப்ப தெளிவா இருக்கு. வெச்சுடுங்க.”

தொலைபேசியைச் சோதிக்கும்போது அவர் ஒருபோதும் ‘கேக்குதா?’ என்று கேட்பதில்லை. “அப்படிக் கேட்டா, கேக்காதவங்களும் கேக்குதுன்னுதான் சொல்லுவாங்க, ஒரு மரியாதைக்கு. ஏதாவது விஷயத்தைக் கேக்கணும். அதுக்குச் சரியான பதில் வந்தாத்தான் நாம பேசினது அங்க போய் விழுந்திருக்குன்னு அர்த்தம்” என்பார். இப்படிக் கேட்டுக் கேட்டே, தான் காலே வைக்காத அறைகளின் ஜன்னல்கள்கூட அவருக்கு அத்துப்படி. ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஜன்னலில் ஒரு மொட்டைச் சுவரும் அதன் மேல் கால் உடைந்த நாற்காலியும் தெரியும். மூன்றாம் கிளையின் வரவேற்பறை ஜன்னலில் பாதி வெட்டிவிட்டு மறந்துபோன மரம் ஒன்று.

எங்கள் மருத்துவமனை ஊரின் நான்கு மூலைகளில் நான்கு கட்டடங்களாக இயங்குகிறது. ஒரு தலைமை மருத்துவமனை, மூன்று கிளைகள், இருநூற்றுச் சொச்சம் தொலைபேசிகள். ஒரு கட்டடத்தில் எடுத்த போன் இன்னொரு கட்டடத்தில் ஒலிக்க வேண்டும், பேசினால் கேட்க வேண்டும். இதுதான் அவருடைய வேலை. அறைக் கதவில் ‘தொலைத்தொடர்புப் பிரிவு’ என்று பலகை இருக்கிறது. பிரிவு என்பது அவரும், ஒரு மேசையும், கழுத்தைத் திருப்ப மறுக்கும் ஒரு மின்விசிறியும்தான். வயது ஐம்பத்தொன்று. அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமை மருத்துவர்கூட ‘போன் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். நான் அடுத்த அறையில் நிர்வாகக் கடிதங்கள் எழுதுகிறவன். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘லெட்டர் சார்’.

அலுவலகப் பேச்சுக்கு இடது காது, வீட்டுப் பேச்சுக்கு வலது காது. “ரெண்டையும் கலந்தா தலைவலி வரும்” என்று காரணம் சொல்கிறார். தோள்பையில் ஒரு பழைய மடிக்கணினி, இரண்டு திருப்புளி, ஒரு டார்ச், ஒரு அட்டை ஊக்கு, ஒரு பொட்டலம் பிஸ்கட். மூக்குக் கண்ணாடி மட்டும் மூன்று வைத்திருப்பார். கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாய் திறக்காத மனிதர். “எங்க வீட்டுல இருபத்தாறு வருஷமா ஒரு வழிப் பேச்சுதான். நான் பேசறேன், அங்கேர்ந்து ஒன்னும் வராது. ஆனா போய்ச் சேருது. சாயங்காலம் சாமான் வாங்கிட்டு வந்துடறாரே!”

போன்களைத் திட்டுவார், மனிதர்களைத் திட்ட மாட்டார். யாராவது “அக்கா, போன் செத்துப்போச்சு” என்று ஓடி வந்தால், “சாகல, மயக்கம்தான். வர்றேன் போ” என்பார். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் எந்தக் கோளாறையும் பிடித்துவிடுவதாக ஒரு பெருமை உண்டு. அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் உண்டு. “என் கை பட்ட இடத்துல தப்பு இருக்காது, லெட்டர் சார். யாராவது பின்னாடி வந்து நோண்டியிருந்தா உண்டு.” ஒன்பது வருடமாக இதைக் கேட்டு வந்தேன். பொய்யென்று சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, காகித ஊக்கு கேட்டு என் மேசைக்கு வந்தார். அப்போது என் முன்னால் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று எங்கள் சிறுநீரக மருத்துவர் எழுதியது. மற்றது மூன்றாம் கிளையில் டயாலிசிஸ் பார்க்கும் ஒரு நர்ஸ் எழுதியது.

நடந்தது இவ்வளவு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் கிளையில் ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்துவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். நர்ஸ் எந்திரத்தை நிறுத்தி, செய்ய வேண்டிய முதலுதவியைச் செய்துவிட்டு, தலைமை மருத்துவமனையில் இருந்த மருத்துவருக்குப் போன் செய்தார். மருத்துவரின் உத்தரவு கிடைக்காமல் இருபது நிமிடம் வீணாயிற்று. கடைசியில் அந்த நர்ஸே ஆம்புலன்ஸை வரவழைத்து, நோயாளியை இங்கே அனுப்பி வைத்தார். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

நர்ஸின் தாளில் இப்படி இருந்தது: “மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் டாக்டர் ‘ஹலோ, யாரு?’ என்று கேட்டார். நான் பேசப் பேச வைத்துவிட்டார்.” மருத்துவரின் தாளில் இப்படி: “அன்று காலை கிளையிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை.”

நிர்வாக அதிகாரி இரண்டையும் படித்துவிட்டு, நர்ஸ்தான் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்திருந்தார். பதினொரு வருட சர்வீஸ் உள்ள அந்தப் பெண்ணை டயாலிசிஸ் பிரிவிலிருந்து தூக்கி, அதே கிளையில் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் உட்கார வைத்தாயிற்று. திங்கட்கிழமை விசாரணை. வேலை போனாலும் போகும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் தன் விளக்கத்தில் கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருந்ததால், மறுநாள் நானே நேரில் போய் வாங்கிவர வேண்டும்.

அக்கா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஊக்கை மறந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

“லெட்டர் சார், ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க.”

“அது எப்படிக்கா? ஒருத்தர் பேசினேங்கறாங்க, ஒருத்தர் பேசலங்கறார்.”

“போறது வேற, வர்றது வேற” என்றார் அவர். எழுந்தவர், “நாளைக்கு நீங்க போற ஆபீஸ் வேன்ல எனக்கும் ஒரு சீட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறியதும் பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். நான்கு கட்டடங்களும் நான்கு பெட்டிகளாக வரையப்பட்டிருந்தன; தலைமை மருத்துவமனைப் பெட்டியை ஒட்டி, அங்கே புதிதாகக் கட்டிய பிளாக்குக்கு ஒரு சின்னப் பெட்டி. அவற்றுக்கு நடுவே நீலத்தில் போகும் அம்புகள், சிவப்பில் வரும் அம்புகள். நாம் ஒரே பேச்சு என்று நினைப்பது உண்மையில் இரண்டு பயணங்களாம். என் குரல் உங்களிடம் வர ஒரு வழி. உங்கள் குரல் என்னிடம் வர இன்னொரு வழி. ஒன்று திறந்து மற்றது அடைபட்டிருந்தால், ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது.

“அப்ப மணி அடிக்குதே?” என்று கேட்டேன்.

“மணி அடிக்கச் சொல்ற சேதி மெயின் சர்வர் வழியாப் போகும். குரல் நேரா போனுக்குப் போன் போகும். அது வேற ரூட்டு.” அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்க டேபிளுக்குத் தெரியாத விலாசத்துல ஒரு கடிதம் வந்தா என்ன பண்ணுவீங்க?”

“பொதுத் தபால்ல போட்டுடுவேன்.”

“எது எந்த வழியாப் போகணும்னு பிரிச்சு அனுப்பற பெட்டி இருக்கே, ரவுட்டர், அதுவும் அதையேதான் பண்ணும். வழி தெரியலன்னா வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுடும். அங்க போய் அது அனாதையா நிக்கும்.”

கோப்பு அறையில் அந்த நர்ஸ் தரையில் உட்கார்ந்து, பழைய கட்டுகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “கையெழுத்துதானே சார்? எங்க போடணும்னு சொல்லுங்க” என்றார். அழுது ஓய்ந்த குரல். அக்கா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “அது கெடக்கட்டும் சிஸ்டர். அன்னைக்கு எந்த போன்லேர்ந்து பேசினீங்களோ, அங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

டயாலிசிஸ் அறையின் மூலையில், சுவரோடு ஒட்டியிருந்தது அந்தப் போன். உள்ளே செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அன்று கடைசியில் நர்ஸ் லாக்கர் வரைக்கும் ஓடித்தான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். அக்கா அவரை மறுபடி மருத்துவருக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, ரிசீவரின் மறுபக்கத்தில் தன் இடது காதை வைத்தார். இரண்டு பெண்களின் தலைகளும் ஒட்டிக்கொண்டு நின்றன.

மணி போயிற்று. மருத்துவர் எடுத்தார். எட்டி நின்ற எனக்கே கேட்டது: “ஹலோ? யாரு? ஹலோ!”

“டாக்டர், நான்தான் தேர்ட் பிராஞ்ச் சிஸ்டர் பேசறேன் டாக்டர்...”

“ஹலோ! ச்சே.” டொக்.

“பாத்தீங்களாக்கா?” நர்ஸ் அக்காவின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கும் இப்படியேதான். கத்தறேன். உயிர் போகுது டாக்டர்னு கத்தறேன். வெச்சுட்டார். நான் என்ன பாவம் பண்ணேன் அவருக்கு?”

அக்கா அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார். எங்களை அறைக்கு வெளியே கூட்டிப் போய், என் செல்போனை வாங்கி மருத்துவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். “டாக்டர், போன் அக்கா பேசறேன். இப்ப உங்க மேசை போன் அடிச்சுதா?”

“அடிச்சுது. எடுத்தா யாரும் பேசல. புது பிளாக்குக்கு வந்ததுலேர்ந்து இதே தொல்லை. யாரோ போன் பண்ணிப் பண்ணிப் பேசாமலே இருக்காங்க. என்னன்னு பாருங்கம்மா.”

நர்ஸ் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். மூன்று நாட்களாக அவர் மனதில் கல் நெஞ்சக்காரராக இருந்த மனிதரின் குரலில் வெறும் சலிப்புதான் இருந்தது.

மறுபடி உள்ளே வந்து அக்கா மடிக்கணினியைத் திறந்தார். குரல் எந்தெந்த இடத்தில் நின்று நின்று போகிறது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்றைத் தட்டினார். முதல் வரியில் இந்தக் கட்டடத்து ரவுட்டர். இரண்டாவது வரியில் வெளி வாசல். மூன்றாவது வரியிலிருந்து, பதில் இல்லை என்பதற்கான வெறும் நட்சத்திரக் குறிகள், வரிசை வரிசையாக. நர்ஸ் கத்திய கத்தல் எல்லாம் அந்த நட்சத்திரங்களுக்குள் போயிருக்கிறது.

தலைமை மருத்துவமனை வளாகத்திலேயே கட்டிய புதுக் கட்டடத்துக்கு மருத்துவர்கள் மாறிப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் புது இடத்துக்கு வழி இதுதான் என்று ஒவ்வொரு கிளையின் ரவுட்டரிலும் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு கிளைகளில் அந்த வரி இருந்தது. இங்கே இல்லை. இந்தக் கிளையிலிருந்து பெரும்பாலும் பழைய கட்டடத்துக்கே பேசுவார்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. புதுக் கட்டடத்துக்கு ஒன்றிரண்டு முறை பேசிப் பார்த்த வரவேற்பறைப் பெண், ‘அந்த டாக்டர் கோபக்காரர் போல’ என்று விட்டுவிட்டாராம்.

“யாராவது அழிச்சிருப்பாங்களோ?” என்றேன், அவருடைய வழக்கமான வசனத்தை நானே எடுத்துக் கொடுத்து.

அக்கா காலண்டர் தாளை விரித்தார். மூன்றாம் கிளையிலிருந்து புதுக் கட்டடத்துக்கு நீல அம்பு இருந்தது. அதன் மேல் டிக் குறியும் இருந்தது. அந்த டிக்கின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு அதையே பார்த்தார்.

“வரையும்போதே டிக் போட்டுட்டேன்” என்றார் மெதுவாக. “அப்பப் பார்த்து லிஃப்ட் போன் வேலை செய்யலன்னு கூப்பிட்டாங்க. போயிட்டு வந்தேன். டிக்கைப் பாத்தேன். முடிச்சாச்சுன்னு நெனச்சுட்டேன். மத்த ரெண்டு கிளைக்கும் புது பிளாக்லேர்ந்து பேசிப் பாத்தேனே... இங்க பேசல.” சற்று நிறுத்தி, “நான்தான்” என்றார்.

நர்ஸ் அந்த டிக்கை எட்டிப் பார்த்தார்.

விடுபட்ட வரியைத் தட்டி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தார். முடித்ததும் தானே பேசிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ரிசீவரை நர்ஸிடம் நீட்டினார். “நீங்களே பேசுங்க சிஸ்டர். ஆனா கேக்குதான்னு கேக்காதீங்க. வேற எதையாவது கேளுங்க.”

நர்ஸ் எண்களை அழுத்தினார். “ஹலோ, யாரு?” என்றது அந்தக் குரல். நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு கேட்டார்: “டாக்டர், அந்த வேன் டிரைவர் எப்படி இருக்கார்?”

கோப்பு அறைக்கு அனுப்பிய பிறகு அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுமுனையிலிருந்து பதில் வந்தது. “நல்லா இருக்கார். காலையில எழுந்து உக்காந்துட்டார். வார்டுக்கு மாத்தியாச்சு. எப்ப வீட்டுக்கு விடுவீங்கன்னு என்கிட்ட சண்டை போடறார்.” அப்புறம்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். “சிஸ்டர்... அன்னைக்கு அது நீங்கதானா?”

“நான்தான் டாக்டர்” என்றார் நர்ஸ். ரிசீவரை வைக்கவும் மனமில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா தன் பையைத் துழாவி, கைக்குட்டை கிடைக்காமல், பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

வேனில் திரும்பும்போது, ரவுட்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்து இன்ஜினியர் அக்காவை அழைத்தார். அவசரத்திலோ என்னவோ, வீட்டுக்கென்று ஒதுக்கிய வலது காதில் வைத்துப் பேசினார் அக்கா. வேனுக்குள் எல்லாமே கேட்டது.

“அக்கா, லைன் கோளாறுன்னு போட்டுடுங்க. தானா வந்துச்சு, தானா சரியாச்சு. சிஸ்டரும் தப்பிச்சாங்க, நீங்களும் தப்பிச்சீங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல.”

அக்கா கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் அந்த யோசனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் என் மனம் ஆசைப்பட்டது.

“அந்த சிஸ்டர் மறுபடி அதே போனைத்தான் எடுக்கணும்ப்பா” என்றார் கடைசியில். “கோளாறு தானா வரும்னு நெனச்சா, ஒவ்வொரு வாட்டியும் பயந்துக்கிட்டேதான் எடுக்கும். ஒருத்தி மறந்துபோனா, அவளே வந்து சரி பண்ணிட்டான்னு தெரிஞ்சா பயம் விட்டுப்போகும்.”

நேராக நிர்வாக அதிகாரியிடம் போவார் என்று நினைத்தேன். மாடியேறி வார்டுக்குப் போனார். வேன் ஓட்டுநர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை.

“நீங்க யாரும்மா?” என்றார் ஓட்டுநர்.

“போன் ரிப்பேர் பண்றவ.”

“நல்லதாப் போச்சு! அந்த நர்ஸ் மேசைப் போன் மணியைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுட்டுப் போங்க. கண்ணை மூட விடமாட்டேங்குது. என் வேன் ஹாரனே தேவலாம்.”

அக்கா மேசைக்குப் போய் மணியைக் குறைத்தார். இன்னொரு போனிலிருந்து அடித்து, “இது போதுமா, இன்னும் குறைக்கவா?” என்று கேட்டார். ஓட்டுநர் கையை ஆட்டி ஆட்டி அளவு சொன்னார். நான்கு முறை மாற்றிய பிறகுதான் அவருக்குத் திருப்தி. கீழே இறங்கும்போது படிக்கட்டில் ஒரு இடத்தில் நின்று, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் கைப்பிடிச் சுவரில் எழுதியிருந்த ‘சாயாதீர்’ என்ற வார்த்தையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நிர்வாக அதிகாரி முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. அதுவே அக்காவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருடைய கோப்பில் சேரும் என்றும், இனி எந்த மாற்றத்தைச் செய்தாலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். “சரி சார்” என்றார் அக்கா. ஒன்பது வருடத்தில் தன் வேலையை இன்னொருவர் சரிபார்க்க அவர் சம்மதித்தது அதுதான் முதல் முறை. விசாரணை ரத்தாயிற்று. திங்கட்கிழமை முதல் டயாலிசிஸ் பணிக்குத் திரும்பலாம் என்று நர்ஸுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

சனிக்கிழமை காலை அந்தக் கடிதத்தை எழுதினேன். இருபது வருடமாக இதே வேலை செய்கிறவன். யாருக்கும் வலிக்காமல் எழுதத் தெரியும். ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்கள் குரல் மருத்துவரைச் சென்றடையவில்லை எனத் தெரியவருகிறது’ என்று எழுதிவிட்டு, தொழில்நுட்பம் சரியா என்று பார்த்துத் தரச் சொல்லி அக்காவிடம் கொண்டுபோனேன். மனதுக்குள் அவருக்கு ஓர் உபகாரம் செய்துவிட்ட திருப்தி.

அக்கா மூன்று கண்ணாடிகளில் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க, லெட்டர் சார். பேனா இருக்கா?”

கொடுத்தேன். ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்பதை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாக, ‘தொலைத்தொடர்புப் பிரிவுப் பொறுப்பாளர் ஒரு வழியை எழுத மறந்துவிட்டதால்’ என்று எழுதினார். படித்துப் பார்த்தார். கடைசியிலிருந்த ‘எனத் தெரியவருகிறது’ என்பதையும் அடித்தார். பிறகு தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மை காயும் வரை மெல்ல ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.